தானியங்கி இன்ஸ்டாலின் லாக் சர்வருக்கு வரவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது

லினக்ஸ் இன்ஸ்டாலர் ரேமுக்குள் ஓடுகிறது. அது எழுதும் லாக்கும் (என்ன நடந்தது என்ற பதிவு) வேலை முடியும்வரை ரேமில்தான் கிடக்கும். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் கடைசியில் அந்தக் கோப்புகள் டிஸ்க்குக்கு நகலாகும். பாதியில் நின்று, யாராவது பவர் பட்டனை அழுத்திவிட்டால், ஏன் நின்றது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். அதனால்தான், ஆள் உட்கார்ந்து பார்க்காத இன்ஸ்டாலில் லாக்கை உடனுக்குடன் வேறொரு சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறோம்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 40 கணினிகளுக்கு நெட்வொர்க் பூட் வழியாக ஒரே நேரத்தில் இன்ஸ்டால் ஓட்டினோம். 37 சரியாக முடிந்தன. 3 மட்டும் திரும்பத் திரும்ப நின்றன. லாக் சர்வரில் அந்த 37 கணினிகளின் வரிகளும் வரிசையாக இருந்தன. தேவைப்பட்ட மூன்றின் வரி ஒன்றுகூட இல்லை. லாக் அனுப்பச் சொல்லும் கட்டளையை, இன்ஸ்டாலுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் கிக்ஸ்டார்ட் கோப்புக்குள் வைத்திருந்தோம். அந்தக் கட்டளை அமலுக்கு வரும் முன்பே ஓடுகிற ப்ரீ ஸ்கிரிப்ட்டில் மூன்றும் விழுந்திருந்தன. ஸ்கிரிப்ட் தேடியது எஸ்டிஏ என்ற டிஸ்க்கை; அந்த மூன்றில் இருந்தது வேறு பெயரில் தெரியும் என்விஎம்இ டிஸ்க். அன்றிலிருந்து லாக் அனுப்பும் கட்டளையை நான் பூட் வரியிலேயே (பூட் மெனுவிலிருந்து கர்னலுக்குப் போகும் வரி) வைக்கிறேன். லாக் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறதோ அவ்வளவு பிழைகள் கண்ணில் படும். கீழே வரும் பல அறிகுறிகளும் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். எடுத்துக்காட்டுகளில் லாக் சர்வரின் முகவரி 192.168.10.5, அதில் ஓடுவது ஆர்சிஸ்லாக் என்ற லாக் சேகரிக்கும் நிரல்.

இன்ஸ்டாலரைத் தொடும் முன்

முதலில் லாக் சர்வர் வாங்குகிறதா என்று பாருங்கள். அதே நெட்வொர்க்கில், ஏற்கெனவே நன்றாக ஓடும் ஒரு லினக்ஸ் கணினியிலிருந்து லாகர் கட்டளையால் ஒரு சோதனை வரி அனுப்பலாம். சிறிய 'என்' தேர்வுக்குச் சர்வர் முகவரி, பெரிய 'பி' (P) தேர்வுக்கு 514, அப்புறம் ஏதாவது ஒரு சொல். இதை இரண்டு முறை செய்யுங்கள்: பெரிய 'டி' (T) சேர்த்தால் டிசிபி, சிறிய 'டி' (d) சேர்த்தால் யுடிபி; இரண்டும் நெட்வொர்க்கில் தகவல் அனுப்பும் முறைகள். இரண்டு வரியும் சர்வரின் கோப்பில் தெரிந்தால், இனி பிழை இன்ஸ்டாலர் பக்கம்தான். தெரியாவிட்டால் இன்ஸ்டாலரை எத்தனை முறை ரீபூட் செய்தாலும் பயன் இல்லை. இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் அரை நாள் ஓட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ஒரு வரிகூட வரவில்லை

அடிக்கடி வரும் புகார் இதுதான். காரணங்களும் நிறைய. சர்வரிலிருந்து தொடங்கி இன்ஸ்டாலரை நோக்கிப் போவோம்.

சர்வரில் எஸ்எஸ் கட்டளையைப் போட்டு 514-ஆம் போர்ட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆர்சிஸ்லாக் நிறுவியவுடன் வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்காது. தன் கணினியின் லாக்கை மட்டும்தான் எழுதும். அதன் கான்ஃபிக் கோப்பில் ஐஎம்யுடிபி, ஐஎம்டிசிபி என்ற இரண்டு மாட்யூல்களும் கமெண்ட் ஆகிக் கிடக்கும். இரண்டையும், அவற்றின் இன்புட் வரிகளோடு சேர்த்துத் திறந்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெபியன் 12-இலிருந்து ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதே இல்லை. புதிய டெபியனை லாக் சர்வராக வைப்பவர்கள் முதலில் அந்தப் பேக்கேஜைப் போட வேண்டும்.

இரண்டையும் திறக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரெட் ஹேட், ஃபெடோரா, ராக்கி, அல்மாலினக்ஸ் ஆகியவற்றின் இன்ஸ்டாலரான அனகோண்டா, இன்ஸ்டாலருக்குள்ளேயே ஓடும் ஆர்சிஸ்லாக்கின் கான்ஃபிக்கில் இரட்டை '@' குறியோடு ஒரு வரி சேர்த்து லாக்கை அனுப்புகிறது. ஆர்சிஸ்லாக் மொழியில் ஒற்றை '@' என்றால் யுடிபி, இரட்டை '@@' என்றால் டிசிபி. டெபியன் இன்ஸ்டாலரோ பிசிபாக்ஸில் உள்ள சின்ன சிஸ்லாக் நிரலை வைத்து யுடிபியில் அனுப்புகிறது. சிஸ்லாக் என்றாலே யுடிபி 514 என்பது பழைய பழக்கம். அந்த நினைப்பில் யுடிபியை மட்டும் திறந்துவைத்தால் டெபியன் லாக் அழகாக வரும், ராக்கி லாக் வரவே வராது. இரண்டு வகை இன்ஸ்டாலும் செய்யும் இடத்தில் இது மணிக்கணக்கில் குழப்பும்.

அடுத்தது பயர்வால். ஃபயர்வால்-சிஎம்டி உள்ள சர்வரில் 514/யுடிபி, 514/டிசிபி இரண்டையும் நிரந்தரமாகச் சேர்த்து ரீலோட் செய்யுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. ஃபயர்வால்டி மறுக்கும்போது எதிர்ப்பக்கத்துக்கு 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்ற செய்தி போகலாம். அதைப் படித்துவிட்டு ரவுட்டர், கேட்வே, கேபிள் என்று தேடிப் போய்விடாதீர்கள். பிங் போகிறது, 514 மட்டும் இந்தச் செய்தியைத் தருகிறது என்றால் அது பயர்வாலின் வேலை.

514 வேண்டாம் என்று 10514 போன்ற வேறு போர்ட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பும் குறுக்கே வரும். செமேனேஜ் கட்டளையால் அந்தப் போர்ட்டைச் சிஸ்லாக்டி_போர்ட்_டி என்ற வகையில் சேர்க்காவிட்டால் ஆர்சிஸ்லாக்கால் அதில் உட்காரவே முடியாது. பலர் இந்த இடத்தில் எஸ்இலினக்ஸை மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு கட்டளையில் தீரும் வேலைக்கு அது வேண்டாம்.

இவ்வளவும் சரி, இன்னும் வரவில்லை என்றால் சர்வரில் டிசிபிடம்ப்பை ஓட்டி 514-ஐக் கவனியுங்கள். பாக்கெட் வந்து சேர்கிறது, கோப்பில் மட்டும் வரி இல்லை என்றால் எழுதும் இடத்தில் சிக்கல். உபுண்டுவில் ஆர்சிஸ்லாக் ரூட்டாகத் தொடங்கி, பிறகு சிஸ்லாக் என்ற சாதாரணப் பயனராக மாறிவிடும். நீங்கள் ரூட்டாக உருவாக்கிய அடைவுக்குள் அதனால் கோப்பு திறக்க முடியாது. அடைவின் உரிமையாளரைச் சிஸ்லாக் என்று மாற்றுங்கள். இன்னொன்று, தனி விதி எதுவும் எழுதாவிட்டால் வெளியிலிருந்து வந்த வரிகள் சர்வரின் சொந்த லாக்கோடு கலந்துவிடும். ரெட் ஹேட் வகையில் மெசேஜஸ் கோப்பிலும், டெபியன் வகையில் சிஸ்லாக் கோப்பிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். வந்த லாக்கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

பாக்கெட்டே வரவில்லையா? அப்படியானால் இன்ஸ்டாலர் பக்கம் போவோம். நின்ற கணினியின் ஷெல்லைத் திறங்கள். டெபியனில் ஆல்ட்+எஃப்2. அனகோண்டாவின் டெக்ஸ்ட் திரையில் கன்ட்ரோல்+பி (B) அழுத்தி 2. கிராஃபிக் திரையில் இருந்தால் முதலில் கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்1. அங்கே ப்ராக் அடைவில் உள்ள சிஎம்டிலைன் கோப்பைக் கேட் (cat) கட்டளையால் படியுங்கள். கர்னலுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த பூட் வரி அதுதான். நீங்கள் பூட் மெனுவில் எழுதியதும் அதுவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். வேறு மெனு பகுதியைத் திருத்தியிருப்பீர்கள், யுஇஎஃப்ஐ கணினிகள் படிப்பது வேறு கோப்பாக இருக்கும், வரி நீளமாகி வால் வெட்டுப்பட்டிருக்கும். மூன்றும் எனக்கு நடந்திருக்கின்றன.

பூட் வரியில் இருக்க வேண்டியது இவ்வளவுதான். அனகோண்டாவுக்கு:

இன்ஸ்ட்.சிஸ்லாக்=192.168.10.5:514

டெபியனுக்கு:

லாக்_ஹோஸ்ட்=192.168.10.5 லாக்_போர்ட்=514

போர்ட்டைச் சொல்லாவிட்டால் இரண்டுமே 514 என்று எடுத்துக்கொள்ளும். பழைய வழிகாட்டிகளில் 'இன்ஸ்ட்.' என்ற முன்னொட்டு இல்லாமல் வெறும் 'சிஸ்லாக்=' என்று இருக்கும். ரெட் ஹேட் 6 காலத்தில் அது சரி. 9-ஆம் பதிப்பில் முன்னொட்டு இல்லாத பூட் தேர்வுகளை அனகோண்டா கண்டுகொள்வதே இல்லை.  பத்து வருடமாக வேலை செய்த பூட் மெனு புதிய பதிப்புக்கு மாறியதும் ஊமையாகிவிட்டது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

டெபியன் பூட் வரியில் மூன்று கோடுகள் '---' இருக்கும். அதற்குப் பின்னால் எழுதுவதெல்லாம் நிறுவிய சிஸ்டத்தின் பூட் வரிக்கும் நகலாகும். லாக்_ஹோஸ்ட்டை அந்தக் கோடுகளுக்கு முன்னால் வையுங்கள்.

சர்வரின் பெயரை எழுதாமல் ஐபி எண்ணை எழுதுங்கள். லாக் அனுப்பும் நிரல் தொடங்கும் நேரத்தில் டிஎன்எஸ் தயாராக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

கடைசியாக நெட்வொர்க். கிக்ஸ்டார்ட் கோப்பை நெட்வொர்க் வழியாக எடுக்கச் சொல்லியிருந்தால் இணைப்பு முன்கூட்டியே எழுந்துவிடும். அதையே யுஎஸ்பியில் வைத்திருந்தால் அந்த நேரத்தில் நெட்வொர்க்குக்கு அவசியமே இருக்காது, அதனால் எழவும் எழாது. பூட் வரியில் 'ஐபி=டிஹெச்சிபி' என்று சேர்த்துவிடுங்கள்.

இன்ஸ்டாலர் ஷெல்லிலிருந்தே இணைப்பைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அனகோண்டாவில் கிடைப்பது பாஷ் ஷெல். ஒரு எக்கோவின் வெளியீட்டை /டெவ்/டிசிபி/192.168.10.5/514 என்ற பாதைக்குத் திருப்பினால், தனியாக எந்த நிரலும் இல்லாமலே பாஷ் டிசிபி இணைப்பு எடுக்கும். உடனே 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' வந்தால் அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. பேசாமல் தொங்கினால் வழியில் எங்கோ பாக்கெட்டை விழுங்குகிறார்கள். விஎல்ஏஎன், இடையில் உள்ள பயர்வால் ஆகியவற்றைப் பாருங்கள். டெபியன் ஷெல்லில் பாஷ் இல்லை, அங்கே என்சி கட்டளையைப் பயன்படுத்தலாம்.

அறிகுறி: லாக் வருகிறது, ஆனால் தொடக்கம் இல்லை

லாக் அனுப்பும் வரியைக் கிக்ஸ்டார்ட் கோப்பில் 'லாக்கிங் --ஹோஸ்ட்=192.168.10.5 --போர்ட்=514' என்று வைத்திருக்கிறீர்களா? நான் மேலே சொன்ன 3 கணினிகளின் கதை இதுதான். அனகோண்டா முதலில் கோப்பை எடுக்கும், ப்ரீ ஸ்கிரிப்ட்களை ஓட்டும், அதற்குப் பிறகுதான் முழுக் கோப்பையும் படித்துக் கட்டளைகளை நிறைவேற்றும். ப்ரீ ஸ்கிரிப்ட்டில் விழுந்தாலும், கோப்பில் எழுத்துப் பிழை இருந்து படிக்கும்போதே நின்றாலும், லாக்கிங் கட்டளைக்கு முறை வந்திருக்காது. மிகவும் தேவையான நேரத்தில் அது அமைதியாக இருக்கும். பூட் வரியில் உள்ள இன்ஸ்ட்.சிஸ்லாக் இதற்கெல்லாம் முன்பே, அனகோண்டா எழுந்தவுடன் வேலையைத் தொடங்கிவிடும். கிக்ஸ்டார்ட் வரியை எடுத்துவிட்டுப் பூட் வரிக்கு மாறுங்கள். அந்த வரியில் பழைய வழக்கப்படி '--லெவல்' என்று ஏதாவது இருந்தால் அதையும் மறந்துவிடலாம், புதிய பதிப்புகளில் அது கைவிடப்பட்டுவிட்டது.

டெபியனில் கதை கொஞ்சம் வேறு. லாக் நிரல் நெட்வொர்க்குக்கு முன்பே தொடங்கிவிடும். ஆனால் நெட்வொர்க் எழும்வரை அனுப்பிய யுடிபி பாக்கெட்டுகள் காற்றில் போகும். யுடிபி திரும்ப அனுப்பாது. அந்தத் தொடக்க வரிகள் கணினியிலேயே வார்/லாக்/சிஸ்லாக் கோப்பில் இருக்கும், ஆல்ட்+எஃப்4 திரையிலும் ஓடும். இன்ஸ்டால் முடிந்தால் வார்/லாக்/இன்ஸ்டாலர் அடைவில் முழுதாகக் கிடைக்கும். வன்பொருளைக் கண்டுபிடிக்கும் கட்டத்தில் சந்தேகம் இருந்தால் அங்கே பாருங்கள், சர்வரில் தேட வேண்டாம்.

அறிகுறி: எல்லாம் வருகிறது, ஸ்கிரிப்ட் சொன்னது மட்டும் இல்லை

இன்ஸ்டாலின் கடைசியில் ஓடும் போஸ்ட் ஸ்கிரிப்ட்டில் பத்துப் பேக்கேஜ் போடுகிறீர்கள், பயனர்களை உருவாக்குகிறீர்கள், ஏதோ ஒன்று தோற்கிறது. சர்வரில் பார்த்தால் ஸ்கிரிப்ட் தொடங்கியது, முடிந்தது, அல்லது இத்தனையாவது வரியில் உள்ள ஸ்கிரிப்ட் பிழைக் குறியோடு திரும்பியது என்பதோடு சரி. உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. ஸ்கிரிப்ட்டின் வெளியீட்டை அனகோண்டா தனிக் கோப்பில் எழுதுகிறது, சிஸ்லாக் வழியில் விடுவதில்லை. ப்ரீ ஸ்கிரிப்ட் என்றால் அந்தக் கோப்பு டெம்ப் அடைவில், ரேமில்.

இதற்கு நான் செய்வது: ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே எக்ஸெக் மூலம் வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் லாகர் கட்டளைக்குள் திருப்பிவிடுவேன். லாகருக்குச் சர்வர் முகவரி, போர்ட், அப்புறம் 'கேஎஸ்-போஸ்ட்' என்று ஒரு அடையாளச் சொல். அதன்பின் ஸ்கிரிப்ட் பேசும் ஒவ்வொரு வரியும் நேராகச் சர்வருக்குப் போகும். அடையாளச் சொல் இருப்பதால் கிரெப் செய்வதும் சுலபம். கூடவே '--எர்ரர்ஆன்ஃபெயில்' சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் தோற்றாலும் இன்ஸ்டால் வெற்றி என்று முடிந்து, அரைகுறை கணினி ஒன்று உங்கள் கையில் வரும். முழுக் கோப்புகளும் வேண்டுமென்றால் ஆன்எர்ரர் என்ற தனிப் பகுதி உண்டு. இன்ஸ்டால் தோற்கும்போது மட்டும் ஓடும். அங்கே டெம்ப் அடைவில் உள்ள அனகோண்டா, ப்ரோகிராம், ஸ்டோரேஜ், பேக்கேஜிங் லாக்குகளைக் கட்டிச் சர்வருக்கு கர்ல் செய்யலாம்.

டெபியனில் இன்ஸ்டாலின் கடைசியில் ஓடும் லேட்_கமாண்ட் எழுதும்போது 'லாக்-அவுட்புட்' என்ற சின்னக் கருவியைக் கட்டளைக்கு முன்னால் வையுங்கள். கட்டளையின் வெளியீட்டை அது சிஸ்லாக்கில் சேர்க்கும், அங்கிருந்து அதுவாகவே சர்வருக்குப் போய்விடும்.

அறிகுறி: எல்லாக் கணினிகளும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கின்றன

சர்வரில் கணினிப் பெயரை வைத்துக் கோப்பைப் பிரிக்கும் டெம்ப்ளேட் எழுதியிருப்பீர்கள். சாதாரண நாளில் அது சரி. இன்ஸ்டால் நேரத்தில் கணினிக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. பத்துக் கணினிகளும் தன்னை லோக்கல்ஹோஸ்ட் என்று சொல்லிக்கொண்டு வரும், ஒரே கோப்பில் குவியும். ஹோஸ்ட்நேம் என்ற இடத்தில் ஃப்ரம்ஹோஸ்ட்-ஐபி என்று மாற்றுங்கள். பாக்கெட் எங்கிருந்து வந்ததோ அந்த முகவரியை ஆர்சிஸ்லாக் தானாகவே குறித்துக்கொள்ளும், அனுப்புபவரின் சொல்லை நம்ப வேண்டியதில்லை.

டிஹெச்சிபி முகவரி நாளைக்கு வேறு கணினிக்குப் போகலாம். அதனால் கோப்புப் பெயரில் தேதியையும் சேருங்கள். முடிந்தால் டிஹெச்சிபி சர்வரிலேயே ஒவ்வொரு மேக் முகவரிக்கும் ஒரு ஐபியைக் கட்டிவிடுங்கள். இடையில் நேட் செய்யும் ரவுட்டர் இருந்தால் இந்த வழி உதவாது, எல்லாம் ஒரே முகவரியாகத் தெரியும். லாக் சர்வரை அந்த ரவுட்டருக்கு உள்பக்கம் வைப்பதுதான் நல்லது.

அறிகுறி: நேரம் 5 மணி 30 நிமிடம் தள்ளி நிற்கிறது

இன்ஸ்டாலர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) நினைக்கிறது, சர்வர் இந்திய நேரத்தில். சில பழைய கணினிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் ஏதோ ஒரு வருடத்தில் நிற்கும். ஆர்சிஸ்லாக் இயல்பாக எழுதுவது அனுப்பியவர் சொன்ன நேரம். டெம்ப்ளேட்டில் டைம்ஜெனரேட்டட் என்பதைப் பயன்படுத்தினால் சர்வர் வாங்கிய நேரம் பதிவாகும். பல கணினிகளை ஒப்பிட அதுதான் கை கொடுக்கும். ஆனால் கடிகாரப் பிழையைச் சும்மா விடாதீர்கள். தேதி மிகவும் பின்தங்கினால் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ரெப்போவிலிருந்து இறக்குவதே நின்றுபோகும்.

அறிகுறி: வரிகளுக்கு நடுவில் #012 என்று வருகிறது

பிழை இல்லை. பைத்தான் ட்ரேஸ்பேக் போன்ற பல வரிச் செய்தி ஒரே சிஸ்லாக் செய்தியாக வந்திருக்கிறது. வரிமுறிவு எழுத்தை ஆர்சிஸ்லாக் அதன் எண்ம (ஆக்டல்) எண்ணாக, #012 என்று மாற்றி எழுதுகிறது. டேப் என்றால் #011. படிக்கும்போது செட் (sed) கட்டளையால் #012-ஐ மீண்டும் வரிமுறிவாக மாற்றிக்கொள்ளுங்கள். அனகோண்டா விழுந்த இடத்தைச் சொல்லும் மிக முக்கியமான செய்தி பெரும்பாலும் இப்படிப்பட்ட நீளமான ஒற்றை வரிக்குள்தான் இருக்கும். கசகசவென்று இருக்கிறதே என்று தாண்டிப் போகாதீர்கள்.

அறிகுறி: ஒரு கணினிக்குச் சரி, 40 கணினிக்கு நடுநடுவே வரி காணவில்லை

யுடிபியில் வரும் டெபியன் லாக்கில்தான் இதைப் பார்ப்பீர்கள். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் பேக்கேஜ் பிரிக்கத் தொடங்கும்போது வரிகள் வெள்ளமாக வரும். சர்வரின் வாங்கும் பஃபர் நிரம்பினால் கர்னல் மீதியைக் கொட்டிவிடும். என்ஸ்டாட் கட்டளையில் யுடிபி-ஆர்சிவிபஃப்-எர்ரர்ஸ் என்ற எண் ஏறிக்கொண்டே போனால் இதுதான் காரணம். கர்னலின் ஆர்மெம்_மேக்ஸ் அளவையும் ஐஎம்யுடிபியின் பஃபர் அளவையும் கூட்டுங்கள். அதோடு ஆர்சிஸ்லாக்கில் டிஎன்எஸ் தேடலை அணைத்துவிடுங்கள். இன்ஸ்டாலுக்கென்று தனியாக வைத்த நெட்வொர்க்கில் ரிவர்ஸ் டிஎன்எஸ் பெரும்பாலும் இருக்காது. வரும் முகவரிக்கெல்லாம் பெயர் தேடிக் காத்திருந்தால் சர்வர் மந்தமாகும், பஃபர் இன்னும் வேகமாக நிரம்பும்.

அறிகுறி: உபுண்டுவில் தலைப்பு மட்டும் வருகிறது, விவரம் இல்லை

உபுண்டு சர்வரின் ஆட்டோஇன்ஸ்டாலில் ரிப்போர்ட்டிங் என்ற பகுதி இருக்கிறது. அதில் வகையை ஆர்சிஸ்லாக் என்று வைத்து டெஸ்டினேஷனில் சர்வரைச் சொல்லலாம். ஆனால் அது அனுப்புவது எந்தக் கட்டம் தொடங்கியது, எது முடிந்தது என்ற முன்னேற்றச் செய்திகளை. டிஸ்க்கைப் பிரிக்கும்போது, உபுண்டு இன்ஸ்டாலர் உள்ளே பயன்படுத்தும் கர்டின் என்ற நிரல் என்ன சொன்னது என்பது அதில் வராது. முழு விவரம் வார்/லாக்/இன்ஸ்டாலர் அடைவில், சப்ஐக்விட்டி, கர்டின் பெயர்களில் உள்ள கோப்புகளில் இருக்கும். எர்ரர்-கமாண்ட்ஸ் என்ற பகுதியில் அந்த அடைவை டார் செய்து, ஜர்னல்சிடிஎல் வெளியீட்டையும் சேர்த்துச் சர்வருக்கு அனுப்பச் சொல்லுங்கள். இன்ஸ்டால் தோற்ற பிறகு ஓடுவதற்கென்றே உள்ள பகுதி அது.

இதில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று. டெஸ்டினேஷனில் '@192.168.10.5' என்று எழுதும்போது மேற்கோள் குறி கட்டாயம். யாமல் மொழியில் '@' ஒதுக்கப்பட்ட குறி, மேற்கோள் இல்லாமல் ஒரு மதிப்பு அதில் தொடங்கக் கூடாது. மறந்தால் கோப்பையே படிக்க முடியாமல் போகும்.

அறிகுறி: ரீபூட் ஆனதும் லாக் நின்றுவிட்டது

இது எதிர்பார்க்க வேண்டியதுதான். லாக் அனுப்பும் அமைப்பு இன்ஸ்டாலருக்கு மட்டும் உரியது, புதிய சிஸ்டத்துக்குப் போகாது. முதல் பூட்டையும் கவனிக்க வேண்டுமென்றால் போஸ்ட் ஸ்கிரிப்ட்டில் ஆர்சிஸ்லாக்.டி அடைவில் இரட்டை '@' போட்ட ஒரு வரிக் கோப்பை எழுதிவிடுங்கள்.

அறிகுறி: இன்ஸ்டாலர் திரை வரும் முன்பே நிற்கிறது

கர்னல் நிலையில் அல்லது அதற்கு அடுத்து, இன்ஸ்டாலருக்கு முன் ஓடும் ட்ராகட் கட்டத்தில் விழுந்தால் இன்ஸ்ட்.சிஸ்லாக்கும் உதவாது, அனகோண்டா இன்னும் பிறக்கவே இல்லை. ட்ராகட் அவசர ஷெல்லில் விட்டால் ரன்/இனிட்ராம்எஃப்எஸ் அடைவில் ஆர்டிசோஸ்ரிப்போர்ட் கோப்பைப் பாருங்கள். கர்னலே தொங்கினால் சீரியல் கன்சோல் எடுங்கள், அல்லது கர்னல் செய்திகளை நெட்வொர்க்கில் அனுப்பும் நெட்கன்சோலை யுடிபி 6666-க்குத் திருப்பி என்சியால் கேளுங்கள். மெய்நிகர் கணினியில் சோதிக்கிறீர்கள் என்றால் அனகோண்டாவுக்கு இன்னும் எளிய வழி உண்டு. ஹோஸ்டில் ஆர்க்.ஃபெடோராப்ராஜெக்ட்.அனகோண்டா.லாக்.0 என்ற பெயரில் ஒரு வர்ட்ஐஓ போர்ட்டைச் சேர்த்துவிட்டால், நெட்வொர்க்கே இல்லாமல் அனகோண்டாவின் லாக் அதன் வழியாக வெளியே வரும். புதிய கிக்ஸ்டார்ட் கோப்பை முதலில் நான் அங்கேதான் ஓட்டிப் பார்க்கிறேன்.

அறிகுறி: லாக்கில் பாஸ்வேர்ட் தெரிகிறது

இதைக் கண்டால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு இதைச் சரிசெய்யுங்கள். சிஸ்லாக் மூடாத அஞ்சலட்டை மாதிரி போகிறது, வழியில் யாரும் படிக்கலாம். பெரும்பாலும் போஸ்ட் ஸ்கிரிப்ட்டில் பிழை தேடுவதற்காகப் போட்ட 'செட் -எக்ஸ்' (set -x) தான் காரணம். ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் அது அப்படியே அச்சிடும், பாஸ்வேர்ட் உள்ள வரியையும் சேர்த்து. அந்த வரிக்கு முன்னால் 'செட் +எக்ஸ்' போடுங்கள். கிக்ஸ்டார்ட்டிலும், டெபியனில் அதற்கு இணையான பிரீசீட்டிலும் ஹாஷ் செய்த பாஸ்வேர்டை மட்டும் வையுங்கள். இன்ஸ்டாலுக்கென்று தனி விஎல்ஏஎன் ஒதுக்குங்கள். சர்வரில் அந்த லாக் அடைவை மற்றவர்கள் திறக்க முடியாதபடி 0700 ஆக்குங்கள். ஏற்கெனவே லாக்கில் விழுந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள், கோப்பை அழித்தால் மட்டும் போதாது. பேக்கப்பில் அதன் நகல் இருக்கும்.